மீதி இரண்டு கம்பி

அவரிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"இன்னாண்ணே, கிட்டாருல நாலு கம்பிதான் கீது? மீதி ரெண்டு அறுந்துபூட்ச்சா?"

"வூட்ல கீது."

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டாலும் சரி, டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டாலும் சரி, அதற்கு மேல் ஒரு சொல் வராது. சிரிக்கவும் மாட்டார். கேட்டவர்தான் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நகர வேண்டும்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ் கிட்டார், நான் கீபோர்டு. எல்லோரும் பேஸண்ணன் என்றே கூப்பிட்டதால், நான் குழுவில் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்துத்தான் அவருடைய சொந்தப் பெயரே எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. காவாந்தண்டலத்துக்காரர். பகலில் உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, அகலமான கை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேஸ் கிட்டாரில் கம்பி தடிமனாக இருக்கும், எண்ணிக்கை நாலுதான். பாட்டின் மெட்டு அதில் வராது. மெட்டு எந்தத் தரையில் நிற்கிறதோ அந்தத் தரைதான் அதில் வரும். காதில் விழுவதைவிட நெஞ்சில் விழுவது அதிகம். இதை நான் இன்றைக்கு இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் இது சரியாகத் தெரியாது. மூன்று வருடம் அவருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து வாசித்தவன் நான்.

மில் முதலாளிக்கு அது படிப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைப்பு. முதலில் நாலு கம்பி, தேறினால் ஆறு கம்பி. மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம், "நம்ம ஆளு பதினெட்டு வருசமா நாலாவதுலயே பெயிலாயிக்கினு கீறான்" என்பார். பேஸண்ணனின் மனைவிகூட ஒருமுறை கச்சேரி பார்க்க வந்துவிட்டு, "எல்லாரும் வாசிக்கிறாங்க, நீ மட்டும் ஏன் சும்மா தடவிக்கினு கீற?" என்று கேட்டதாக எங்கள் மாஸ்டர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாஸ்டர் என்றால் குழுவை நடத்துகிறவர், முக்கியப் பாடகரும் அவரே. அவர் அப்படிச் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன்.

பேஸண்ணன் எதையும் மறுக்க மாட்டார். விளக்கம் சொல்ல மாட்டார். ஆனால் அவர் கட்டை விரலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாராவது இப்படிப் பேசும்போது அந்த விரல் நாலாவது கம்பியைச் சத்தம் வராமல் அழுத்திக்கொண்டே இருக்கும். நகம் வெளுத்துவிடும். பேச்சு முடிந்த பிறகும் உடனே எடுக்க மாட்டார்.

சாலவாக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. சாலவாக்கம் எனக்குச் சொந்த ஊர். கச்சேரி நடுவில் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவார்கள், அவரவர் எழுந்து கொஞ்சம் தனியாக வாசித்துக் கைதட்டு வாங்க வேண்டும். நான் ஒரு துள்ளல் மெட்டை வாசித்தேன், விசில் பறந்தது. தபேலாக்காரருக்கு இன்னும் அதிகம். அடுத்து பேஸண்ணன். ஊரே மனப்பாடமாகப் பாடும் ஒரு பாட்டுக்கு உரிய பேஸை மட்டும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பல்லவி முழுக்க வாசித்தார். ஒருவருக்கும் அது என்ன பாட்டு என்று தெரியவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். முன் வரிசையில் இருந்து ஒருவர் கத்தினார்.

"டியூனிங் முட்ஞ்சிட்ச்சுன்னா ஆரம்பிங்கப்பா!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு அறிவிப்பாளர் அவரைத் தனியாகச் சொல்வதை விட்டுவிட்டார். "மற்றும் கிட்டார்" என்பதோடு சரி. மேடையில் ஒவ்வொருவரும் மைக்செட்காரரைப் பார்த்து "கேக்குதா, கேக்குதா?" என்று கேட்டுச் சத்தத்தைச் சரிபார்ப்போமே, அதைக்கூட அவர் கேட்டதில்லை. கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டியின் பின்னால் குனிந்து தானே குமிழைத் திருப்பிக்கொள்வார்.

அந்த ஆம்ப் பெட்டிதான் வினை. கனமான பெட்டி, வேனில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் டீக்கடையில் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் எடது கை சும்மாதான கீது?"

எனக்குப் புரிந்தது. கீபோர்டின் இடது பக்கக் கட்டைகளில் பேஸ் சத்தத்தை வைத்துக்கொண்டால் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்கலாம். நிறையக் குழுக்களில் அப்போது அப்படித்தான் செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.

"சமாளிச்சிடலாம் மாஸ்டர்" என்றேன். பெருமையாகவே சொன்னேன். வீட்டில் ஒரு மாதம் இடது கையைப் பழக்கினேன். எனக்கு இருபத்து நாலு வயது, எதையும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிற வயது.

நான் சொல்ல வந்த நாளில், உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் உள்ள ஒரு மண்டபத்தில் கல்யாண ரிசப்ஷன். வேனிலிருந்து சாமான் இறக்கும்போதே மாஸ்டர் என் காதில் சொல்லிவிட்டார். "இன்னியோட அவுரு கடைசி. கச்சேரி முட்ஞ்சதும் நானே சொல்லிக்கறேன்." பேஸண்ணன் பத்தடி தூரத்தில் அந்தப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் எஜமான் பெண்ணின் தாய்மாமன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடிச் சங்கிலி. சாப்பாட்டுக் கூடம், பார்க்கிங், பூ அலங்காரம், எங்கும் அவர் குரல்தான். தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத குடும்பம். மாலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டாவது பாட்டில் இருந்தபோது மேடைக்கு வந்தார், பின்னாலேயே புகை மெஷின் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்கு நடுவில் நடந்துவர வேண்டுமாம். எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒரு ஓட்டைகூடக் காலி இல்லை. மாமன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை பேஸண்ணனிடம் வந்து நின்றது.

"நீ சும்மா தடவிக்கினுதான கீற? உனுக்கு இன்னாத்துக்கு கரண்ட்டு?"

குனிந்து, ஆம்ப் பெட்டியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார். புகை மெஷினை அதில் சொருகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டு நடந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த தரை சட்டென்று போனது எனக்குத் தெரிந்தது. இது முக்கியம், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது. நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம். மாஸ்டரைப் பார்த்துக் கையசைத்திருக்கலாம். என் இடது கை தானாகக் கீழே இறங்கி, ஒரு மாதம் பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் போனது. மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

பேஸண்ணன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார்.

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாத கிட்டாரில், ஒரு சுரம் விடாமல், மூன்று பாட்டுகள் வாசித்தார். கம்பியில் விரல் படும் லேசான சத்தம்கூட அந்த இரைச்சலில் கேட்கவில்லை. எதிரே எழுநூறு எண்ணூறு பேர். யாருக்கும் எதுவும் குறையவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெண் மாப்பிள்ளை புகையில் நடந்து வந்தார்கள், மேடை ஏறினார்கள். புகை மெஷின்காரர் சாமானைச் சுருட்டிக்கொண்டு போனார். பேஸண்ணன் அவசரப்படாமல் குனிந்து பிளக்கைத் திரும்பச் சொருகினார். ஆம்ப் பெட்டியைத் தூக்கி, மேடையின் முன்னால் மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாடுகிறவரின் கெண்டைக்காலுக்கு நேராக வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து, வழக்கம்போல, சொந்தக்காரர்கள் பாடும் நேரம். மாமனே மைக்கைப் பிடித்தார். பழைய காதல் பாட்டு ஒன்று. குரல் மோசமில்லை. பல்லவி நன்றாகவே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள்.

சரணத்தில் பேஸண்ணன் விரலை ஒரு கட்டம் கீழே நகர்த்தினார். அவ்வளவுதான் செய்தது. அரை சுரம்.

மாமனின் குரல் தடுமாறியது. எதையோ தேடுவதுபோல் மேலே போனார், இல்லை என்று கீழே வந்தார். அங்கேயும் இல்லை. நான் சரியாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவர் காலடியிலிருந்து வந்த சத்தம் அவரை வேறு பக்கம் இழுத்தது. இரண்டு வரி கழித்து பேஸ் பழைய இடத்துக்கு வந்தது, அவரும் சரியானார். மறுபடி நகர்ந்தது, மறுபடி சறுக்கினார். மாப்பிள்ளையின் நண்பர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். சம்பந்தியம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பேஸண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பாட்டு எப்படியோ முடிந்தது. மாமன் மைக்கை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். சட்டைக் காலரைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினார்.

"டேய், கீபோர்ட மாத்தி மாத்தி அடிச்சி என்ன அசிங்கப்படுத்தினியா? சம்பந்தி முன்னால? எவண்டா சொல்லிக் குட்த்தது உனுக்கு?"

அவர் பின்னால் நாலு பேர் மேடை ஏறிவிட்டார்கள். யார் செய்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? மாஸ்டர் ஓடி வந்தார், காப்பாற்றத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, சின்னப் பையன்ணே, கை தவறிட்ச்சு. மன்னிச்சிடுங்க. டேய், கால்ல உழுடா!"

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அவன் இல்லீங்க. நான்தான் மாத்தனேன்."

மாமன் திரும்பிப் பார்த்தார். என் காலரை விடாமலே சிரித்துவிட்டார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

"யோவ், இவனுக்கோசரம் குறுக்க வரியா? உன் பொட்டில சத்தமே வராதேய்யா. நான்தான புடுங்கிப் போட்டேன்? மூணு பாட்டு ஓடிச்சே, ஒருத்தனாவது கேட்டானா?"

அந்த மூன்று பாட்டையும் ஓட்டிக் காட்டியது என் இடது கை.

"இன்னொரு வாட்டி பாடுங்க" என்றார் பேஸண்ணன். "காட்றேன்."

"இன்னாத்த காட்டுவ?"

"பாடுங்க. தம்பி, நீ கைய எடுத்துடு. ரெண்டு கையும்."

ரிதம் பேட், தபேலா எல்லாம் நின்றன. மாமனுக்கு வீம்பு. ஒரு கையில் என் காலர், மறு கையில் மைக். அதே சரணத்தைப் பாட ஆரம்பித்தார். அடியில் பேஸ் மட்டும். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு கம்பீரம் உண்டு என்று அந்த நிமிடம்வரை யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரிந்திருக்காது. மண்டபம் அடங்கியது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விரல் ஒரு கட்டம் நகர்ந்தது. குரல் சரிந்தது.

விரல் திரும்பி வந்தது. குரல் எழுந்து நின்றது.

மறுபடி நகர்ந்தது. இந்த முறை, சரிவதற்கு முன்பே கூட்டத்தில் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் எழுந்தது. வாத்தியம் தொட்டே பார்க்காத ஜனங்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது. மேடையில் அலங்கார நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஆச்சரியம் தாங்காமல் சொல்லியது: "ஆமா மாமா, அவுருதான்! கீழ கேக்குதே!"

பேஸண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். கச்சேரிக்கு வந்த காலம் முழுக்கக் கேட்காத கேள்வியை மைக் இல்லாமலே கேட்டார்.

"கேக்குதா?"

"கேக்குது" என்று நடு வரிசையிலிருந்து நாலைந்து குரல்கள் வந்தன.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. அடுத்த நொடி மாமன் என் காலரை விட்டார். அந்தக் கையாலேயே பேஸண்ணனை அறைந்தார். பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து விலக்குவதற்குள் உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அவர் கையை ஓங்கவில்லை. கிட்டாரை மட்டும் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாஸ்டர் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சாமான் ஏற்றும்போது அவர் வேனில் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. கிட்டாரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார். ஆம்ப் பெட்டி எங்கள் வேனிலேயே வந்தது.

நாலு நாள் கழித்து அதைக் கொடுக்கிற சாக்கில் ரைஸ் மில்லுக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டில் காயம் காய்ந்திருந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எனக்கோசரம் அடி வாங்கிக்கினீங்களேண்ணே" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கரண்ட்டு புடுங்கனது உனுக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"ம். உன் கை கீழ எறங்கிச்சே, பார்த்தேன். நான் அந்தாளு பாட்ட மாத்தும்போதே, உன்னத்தான் புடிப்பாங்கன்னு எனுக்கும் தெரியும்."

மில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். சரியாகத்தான் கேட்டிருந்தது.

"அப்புறம் ஏண்ணே ஒத்துக்கினீங்க?"

"மாஸ்டரு சொன்னாரே, நீ கை தவறி அடிச்சன்னு" என்றார் அவர். "அது நான் அடிச்சது. தெரிஞ்சி அடிச்சது. அதையும் உன் பேர்ல எழுதிட்டா எனுக்கு இன்னா மீதி?"

அப்புறம் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி அவரைப் பார்க்கப் போகவில்லை. பயமா, வெட்கமா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. குழு இருக்கிறது, வேன் சின்னதாகிவிட்டது, என் இடது கைதான் எங்கள் பேஸ். எங்கே உங்கள் நாலு கம்பிக்காரர் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. போன மாதம் சாலவாக்கத்தில் ஒரு காதுகுத்து. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மேடைப் பக்கம் வந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அதுதான் என்னை அடையாளம் கண்டுகொண்டது. அன்றைக்கு மாலையோடு எழுந்து நின்ற பெண்.

"அண்ணா, அந்தக் கிட்டார்காரரு எங்க? பாட்டு கேக்கறப்ப என்னமோ இல்லாத மாரி கீது."

வாயில் வந்தது அவர் பதில்தான்.

"வூட்ல கீறாரு."

அது சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. மீதி இருந்த மூன்று பாட்டுகளுக்கும் நான் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். மாஸ்டர் பாடிக்கொண்டே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.